லாரி அடிச்சா பணம் யாரு கட்டணும்? மலை ரோட்டு விபத்தும் நஷ்ட ஈடும், ஆரம்பத்துல இருந்து

"டிரைவரே அன்னாடங்காய்ச்சி, அவன் மேல கேஸ் போட்டு என்னத்த வாங்கப்போற?"

நீலகிரியில லோடு வண்டி மோதி யாராவது அடிபட்டா டீக்கடையில முதல்ல கேக்கிற பேச்சு இதுதான். சொல்றவங்க கெட்டவங்க இல்ல, அக்கறையாத்தான் சொல்றாங்க. ஆனா இந்த ஒரு பேச்சை நம்பி எத்தனை குடும்பம் கைக்கு வரவேண்டியதை விட்டுருக்குன்னு குன்னூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா பதினோரு வருஷம் உக்காந்து பார்த்தவன் நான், அதனாலதான் இதை எழுதறேன்.

ஒரு அக்கா வந்தாங்க. வீட்டுக்காரர் கேரட் மூட்டை தூக்கறவர். விடியக்காலையில நடந்து வேலைக்கு போறப்ப ஒரு பிக்கப் வண்டி வளைவுல இடிச்சு கால் எலும்பு ரெண்டு இடத்துல போயிடுச்சு. வண்டி ஓனர் நல்லவர் மாதிரியே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி, "போலீஸ் கேஸ் ஆனா உங்களுக்குத்தான் அலைச்சல், வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுங்கண்ணா, செலவை நான் பாத்துக்கறேன்"ன்னு சொல்லி, கடைசில 40,000 ரூபா குடுத்து ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு போயிட்டார். அந்த அண்ணனால அதுக்கப்புறம் மூட்டை தூக்க முடியல. அக்கா எங்க ஆபீஸுக்கு வந்தப்ப எட்டு மாசம் ஆயிருந்துச்சு, ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல "வழுக்கி விழுந்தார்"னு இருக்கு, எஃப்ஐஆர் இல்ல, வண்டி நம்பர்கூட முழுசா தெரியல. அந்த 40,000ல அவங்க விட்டது எவ்வளவுன்னு கீழ கணக்கு போட்டு காட்டறேன்.

## முதல்ல டீக்கடையில இருந்தே ஆரம்பிப்போம்

டீ மாஸ்டர் அவசரத்துல கொதிக்கிற பாலை உங்க கையில ஊத்திட்டார்னு வைங்க. நீங்க மாஸ்டர்கிட்ட சண்டை போடுவீங்க, சரி. ஆனா மருந்துச் செலவை யாருகிட்ட கேப்பீங்க? கல்லாவுல உக்காந்திருக்கிற கடைக்காரர்கிட்டத்தான். "நான் ஊத்தலையே"ன்னு அவர் சொன்னா ஊரு ஒத்துக்குமா? உன் கடை, உன் ஆளு, உன் வியாபாரத்துக்காக ஊத்துன பாலு, லாபம் உனக்கு வர்றப்ப நஷ்டமும் உன்னுதுதான்னு சொல்லுவோம்.

சட்டமும் அதையேதான் சொல்லுது. வேலைக்கு வச்சவர், அந்த வேலை நடக்கிறப்ப வேலைக்காரர் பண்ணுன தப்புக்கு பதில் சொல்லணும், இதுக்கு கோர்ட்ல விகேரியஸ் லயபிலிட்டின்னு பேரு. நாம முதலாளிப் பொறுப்புன்னு வச்சுக்கலாம். டிரைவர் பொறுப்புல இருந்து கழண்டுக்கறார்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அவரும் பொறுப்பு, அவரோட சேர்ந்து ஓனரும் பொறுப்பு. அதனால கேஸ் போடறப்ப ரெண்டு பேரையும் சேர்க்கணும்.

ஓனர்னா யாரு? இங்கதான் நம்ம ஊருல பெரிய குழப்பம். செகண்ட் ஹேண்ட் பிக்கப்பை வாங்குவாங்க, பணம் கை மாறிடும், ஆர்சி புக்குல, அதாவது வண்டி பதிவுச் சான்றுல, பேரு மாத்தாம ரெண்டு மூணு வருஷம் ஓட்டுவாங்க. விபத்து நடந்ததும் பழைய ஓனர் "நான்தான் வித்துட்டேனே"ன்னு சொல்லுவார். 2018ல உச்ச நீதிமன்றம் இதை தெளிவா சொல்லிடுச்சு, ஆர்சியில யாரு பேரு இருக்கோ அவர்தான் சட்டப்படி ஓனர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அடிபட்டவங்க ஒவ்வொருத்தரையா தேடி அலைய வேண்டியதில்ல. வண்டி வித்தவங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு இன்னைக்கே பேரு மாத்திடுங்க, உங்களுக்கும் நல்லது.

இதைத் தவிர ஓனர் சொந்தமா பண்ற தப்பும் இருக்கு. தேஞ்ச டயர்ல ஓட்டச் சொல்றது, எஃப்சி, அதாவது வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்ற சான்று, முடிஞ்ச வண்டிய இறக்கறது, பகல் பூரா லோடு ஏத்தி ராத்திரியும் தூங்கவிடாம மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பறது. அதெல்லாம் டிரைவர் தப்பு இல்ல, ஓனரோடது.

இதுவரைக்கும் சொன்னதை சுருக்கமா சொல்லணும்னா, டிரைவர் ஏழையா பணக்காரரான்றது நஷ்ட ஈட்டுக்கு சம்பந்தமே இல்லாத கேள்வி. அவருக்கு பின்னாடி ஓனர் இருக்கார். ஓனருக்கு பின்னாடி இன்னொருத்தர் இருக்காங்க.

## இன்சூரன்ஸ்னா ஒரு ஜாமீன்தாரர்

நீங்க பேங்க்ல கடன் வாங்கறீங்க, உங்க மாமா ஜாமீன் கையெழுத்து போடறார். நீங்க கட்டலைன்னா பேங்க் மாமாவை பிடிக்கும். மாமா கட்டிட்டு அப்புறம் உங்களை பிடிப்பார், அது உங்களுக்கும் மாமாவுக்கும் உள்ள கதை, பேங்குக்கு அதைப் பத்தி கவலை இல்ல.

வண்டி இன்சூரன்ஸ் கிட்டத்தட்ட இதேதான். ரோட்டுல ஓடற எந்த மோட்டார் வண்டியா இருந்தாலும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. தேர்டு பார்ட்டின்னா மூணாவது ஆள். ஓனர் முதல் ஆள், இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டாவது ஆள், அவங்க ரெண்டு பேரோட ஒப்பந்தத்துல சம்பந்தமே இல்லாம ரோட்டுல நடந்து போன நீங்க மூணாவது ஆள். உயிர் போனாலோ உடம்புல அடிபட்டாலோ கோர்ட் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவும் கம்பெனி கட்டணும், இத்தனை லட்சத்துக்கு மேல முடியாதுன்னு உச்சவரம்பு கிடையாது.

அப்ப ஓனர் ஏன் "கேஸ் வேண்டாம்"னு கெஞ்சறார், அவர் கையில இருந்தா போகுதுன்னு கேப்பீங்க. பல சமயம் பேப்பர்ல ஏதோ ஓட்டை இருக்கும். லைசென்ஸ் முடிஞ்சிருக்கும், பர்மிட் இருக்காது, எஃப்சி இருக்காது. அந்த மாதிரி இருந்தா கம்பெனி "எங்க கண்டிஷனை மீறிட்டாங்க, நாங்க கட்ட மாட்டோம்"னு வாதாடும். கோர்ட் பெரும்பாலும் என்ன பண்ணும்னா, முதல்ல அடிபட்டவங்களுக்கு நீ கட்டு, அப்புறம் ஓனர்கிட்ட இருந்து நீ வசூல் பண்ணிக்கோன்னு சொல்லும். இதுக்கு பே அண்ட் ரெகவர்னு பேரு, அதாவது கட்டிட்டு வசூலி. மாமா ஜாமீன் கதைதான். ஓனருக்கு பயம் அங்கதான், ஆனா அந்தப் பயத்துக்காக நீங்க உங்க உரிமையை விடணும்னு இல்ல.

லைசென்ஸ் பத்தி ஒண்ணு. கார் ஓட்டற சாதாரண எல்எம்வி, அதாவது இலகு ரக வண்டி லைசென்ஸ் வச்சு சின்ன லோடு வண்டி ஓட்டினா செல்லாதுன்னு கம்பெனிக்காரங்க வருஷக்கணக்கா வாதாடினாங்க. வண்டியோட மொத்த எடை 7,500 கிலோவுக்கு உள்ள இருந்தா எல்எம்வி லைசென்ஸே போதும்னு 2017ல சொன்ன தீர்ப்பை 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகள் பெஞ்ச் உறுதி பண்ணிடுச்சு. நம்ம மலையில தேயிலை ஏத்தற, காய் ஏத்தற பிக்கப் வண்டியில முக்காவாசி இந்த எடைக்குள்ளதான் வருது, அதனால இது நமக்கு ரொம்ப முக்கியமான தீர்ப்பு.

இன்சூரன்ஸே இல்லாத வண்டின்னா? அப்ப ஓனர் சொத்துல இருந்துதான் வாங்கணும், கோர்ட் உத்தரவை வச்சு கலெக்டர் மூலமா வரி பாக்கி மாதிரி வசூல் பண்ண வழி இருக்கு, ஆனா நாள் ஆகும்.

## "பிரேக் பிடிக்கல சார்"

மலை அடிவாரத்துல இருக்கிற கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. மேல இருந்து இறங்கற லாரிங்க பர்லியாறு தாண்டறப்ப பிரேக் லைனிங் கருகுற வாசம் வரும், அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு பழகிப்போன வாசம் அது. அது ஏன் வருதுன்னு புரிஞ்சா சட்டமும் பாதி புரிஞ்சிடும்.

பிரேக் மிதிச்சா சக்கரத்துக்குள்ள இருக்கிற டிரம்ல லைனிங் உரசும், உரசல்ல வண்டியோட வேகம் சூடா மாறும். சமவெளியில எப்பவாவது மிதிக்கிறோம், சூடு ஆறிடும். மலையில லோடோட இறங்கறப்ப விடாம மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஆற நேரமே இல்ல, ஒரு அளவுக்கு மேல சூடான லைனிங் பிடிப்பை விட்டுரும். அப்ப எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. அதுக்குத்தான் ஏறின கியர்லயே இறங்கணும்னு பெரியவங்க சொல்றது, கியர் சின்னதா இருந்தா இஞ்சினே வண்டியப் பிடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை கம்மி. டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விட்டு இறங்கினா இஞ்சின் பிடிப்பு சுத்தமா போயிடும், மொத்த பாரமும் பிரேக் மேல.

இப்ப கோர்ட்டுக்கு வாங்க. விபத்து நடந்ததும் டிரைவர் சொல்ற முதல் வார்த்தை "பிரேக் பிடிக்கல, நான் என்ன பண்ணுவேன்". கேக்கிறவங்களும் சரி, விதின்னு விட்டுடறாங்க. ஆனா 1977லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு, வண்டியில திடீர்னு கோளாறு வந்துச்சுன்னு சொல்லி தப்பிக்கணும்னா, அது எவ்வளவு கவனமா இருந்தாலும் முன்னாடியே கண்டுபிடிக்க முடியாத கோளாறுன்னும், வண்டிய ஒழுங்கா பராமரிச்சோம்னும் ஓனர்தான் நிரூபிக்கணும். அடிபட்டவங்க நிரூபிக்க வேண்டியதில்ல. பிரேக்கை சூடேத்திக்கிட்டே இறங்குனதும், ஓவர்லோடு ஏத்துனதும், லைனிங் மாத்தாததும் விதி இல்ல, கவனக்குறைவு. கோர்ட்ல நெக்லிஜன்ஸ்னு சொல்றது இதைத்தான், ஒரு பொறுப்பான ஆளு அந்த இடத்துல எடுத்துக்க வேண்டிய கவனத்தை எடுத்துக்காம விடறது.

இதுல உதவற பேப்பர் ஒண்ணு இருக்கு. விபத்தான வண்டிய மோட்டார் வாகன ஆய்வாளர், நம்ம ஊரு பாஷையில பிரேக் இன்ஸ்பெக்டர், வந்து பார்த்து ரிப்போர்ட் குடுப்பார். பிரேக் எப்படி இருந்துச்சு, மெஷின் கோளாறால நடந்ததா இல்லையான்னு அதுல இருக்கும். அந்த காப்பியை கேட்டு வாங்குங்க.

மலை ரோட்டுக்குன்னே இன்னொரு விதியும் இருக்கு, ரெண்டு வண்டி சேர்ந்து போக அகலம் இல்லாத செங்குத்தான ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும். வளைவுல மோதுன கேஸ்ல யாரு ஏறினாங்க யாரு இறங்கினாங்கன்றது அதனாலதான் முக்கியம், சாட்சி சொல்றவங்க அதை மறக்காம சொல்லணும்.

## லோடு மேல ஏறிப் போனவங்க

இந்தப் பகுதியை நான் மனசு வலிச்சுத்தான் எழுதறேன், ஏன்னா எங்க ஆபீஸ்ல நாங்க தலை குனிஞ்சு பதில் சொன்ன கேஸெல்லாம் இதுலதான்.

நம்ம மலையில பஸ் கம்மி. சாயங்காலம் கடைசி பஸ் போயிட்டா இலை வண்டியில ஏறிக்கறோம். சாவுக்கு போறதுன்னா பத்து பேரு பிக்கப்ல ஏறிக்கறோம், கோயில் திருவிழாவுக்கு குழந்தைங்களோட ஏறிக்கறோம், தோட்ட வேலைக்கு பொம்பளைங்களை அப்படித்தான் ஏத்திட்டு போறாங்க. யாரும் இதை தப்பா நினைக்கிறதே இல்ல. ஆனா சரக்கு வண்டியோட பாலிசி சரக்குக்கும் அந்த வேலைக்கும் எழுதுனது, ஆளு ஏத்தறதுக்கு எழுதுனது இல்ல. ரோட்டுல நடந்து போறவர் மேல அந்த வண்டி மோதினா அவர் மூணாவது ஆள், கம்பெனி கட்டும். அதே வண்டிக்குள்ள சும்மா ஏறி உக்காந்திருக்கிறவர் அடிபட்டா கம்பெனிக்கு பொறுப்பு இல்லன்னு 2003ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சும்மா ஏறினாலும் சரி, காசு குடுத்து ஏறினாலும் சரி.

ஒரு விதிவிலக்கு 1994ல சட்டத்துல சேர்த்தது. சரக்கோட சொந்தக்காரர், இல்லன்னா அவர் அனுப்பி வச்ச ஆள், சரக்கோட கூடப் போனா அவருக்கு பாதுகாப்பு உண்டு. உங்க கேரட் மூட்டையோட நீங்களே மண்டிக்கு போறீங்க, அப்ப நீங்க சரக்கு சொந்தக்காரர். ஆனா அதுக்கு ஆதாரம் வேணும், மண்டி சீட்டோ லோடு பில்லோ கையில இருக்கணும், சரக்கு வித்துட்டு காலி வண்டியில திரும்பி வர்றப்ப நடந்தா அங்கயே தகராறு ஆரம்பிச்சிடும். அதே மாதிரி வண்டி ஓனர் சம்பளத்துக்கு வச்ச கிளீனர், மூட்டை தூக்கற ஆள் இவங்களுக்கு தொழிலாளர்ன்ற முறையில தனியா பாதுகாப்பு உண்டு.

மத்தவங்களுக்கு ஒண்ணுமே இல்லையான்னா, ஓனர் பொறுப்பு அப்படியே இருக்கு, அவர் கட்டித்தான் ஆகணும். சில கேஸ்ல உச்ச நீதிமன்றமே கம்பெனியை முதல்ல கட்டச் சொல்லி அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்க சொல்லிருக்கு. ஆனா அது அந்தந்த கேஸோட நிலைமைய பார்த்து குடுத்தது, அதை நம்பி ஏற முடியாது. தோட்ட முதலாளிங்க, குத்தகைக்காரங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள், வேலைக்கு ஆள் கூட்டிட்டு போக சீட் உள்ள வண்டி வைங்க. ஒரு நாள் வாடகை மிச்சம் பண்ணப் போயி ஒரு குடும்பத்தை ஜாமீன் இல்லாத இடத்துல கொண்டு போய் நிறுத்தறீங்க.

திரும்ப ஒரு தடவ: வண்டிக்கு வெளிய இருந்து அடிபட்டவங்களுக்கு ஓனர், கம்பெனி ரெண்டு பேரும். சரக்கு வண்டிக்குள்ள சும்மா போனவங்களுக்கு பெரும்பாலும் ஓனர் மட்டும்.

## எவ்வளவு கிடைக்கும்னு எப்படி கணக்கு போடறாங்க

"கோர்ட் இஷ்டத்துக்கு ஒரு தொகை போடும்"னு நினைக்கிறாங்க. இல்ல. கணக்கு இருக்கு, நீங்களே பேப்பர்ல போட்டு பாக்கலாம்.

உங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கு, மழையில மண் சரிஞ்சு மொத்தமா போயிடுச்சுன்னு வைங்க. நஷ்டம் எவ்வளவுன்னு கேட்டா இந்த மாச இலைக் காசை மட்டும் சொல்லுவீங்களா? வருஷத்துக்கு இவ்வளவு வரும், இன்னும் இத்தனை வருஷம் வந்திருக்கும்னு சொல்லுவீங்க. சம்பாதிச்சவர் இறந்துட்டா கோர்ட்டும் அப்படித்தான் பாக்குது. வருஷ வருமானத்தை எத்தனையால பெருக்கணும்ன்ற எண்ணுக்கு மல்டிபிளையர்னு பேரு. 2009ல உச்ச நீதிமன்றம் வயசு வாரியா அட்டவணை குடுத்துச்சு, 15 வயசுல இருந்து 25 வரைக்கும் 18, 36ல இருந்து 40க்கு 15, 46ல இருந்து 50க்கு 13, 56ல இருந்து 60க்கு 9, 65க்கு மேல 5. 38 வயசுக்காரர் இன்னும் இருபது வருஷத்துக்கு மேல உழைச்சிருப்பாரே, ஏன் 15தான்னு கேப்பீங்க. மொத்தப் பணமும் ஒரே தடவையா இப்பவே வருது, பேங்க்ல போட்டா வட்டி வரும், அதை மனசுல வச்சுத்தான் குறைச்சிருக்காங்க.

ஒரு கணக்கு போடுவோம். மூட்டை தூக்கறவர், 38 வயசு, மாசம் 15,000. வீட்டுல பொண்டாட்டி, ரெண்டு பசங்க, அம்மா. நிரந்தர வேலை இல்லாம, 40 வயசுக்குள்ள இருந்தா, வருங்காலத்துல கூலி ஏறியிருக்கும்னு 40 சதவீதம் சேர்க்கணும்னு 2017ல வந்த இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லுது. அப்ப 21,000. அவர் உயிரோட இருந்தா தனக்குன்னு கொஞ்சம் செலவு பண்ணியிருப்பார் இல்லையா, அவரை நம்பி நாலு பேர்ல இருந்து ஆறு பேர் வரைக்கும் இருந்தா கால் பங்கு கழிக்கணும், மிச்சம் 15,750. வருஷத்துக்கு 1,89,000. அதை 15ஆல பெருக்குனா 28,35,000 ரூபா. அதுக்கு மேல துணையை இழந்ததுக்கு, அப்பாவை இழந்ததுக்கு, மகனை இழந்ததுக்குன்னு ஆளுக்கு 40,000, நாலு பேருக்கு 1,60,000. இறுதிச் சடங்குக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000. மொத்தம் 30,25,000. இந்த கடைசி தொகைகள் 2017ல வச்சது, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ 10 சதவீதம் கூட்டச் சொல்லிருக்காங்க, அதனால இன்னும் கொஞ்சம் கூடும். மனு போட்ட நாள்ல இருந்து வட்டியும் உண்டு.

அடிபட்டு உயிரோட இருக்கிறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான், தன் செலவுக்குன்னு கழிக்கிறது மட்டும் கிடையாது, அதுக்கு பதிலா ஊனம் எத்தனை சதவீதம்னு பாப்பாங்க. ஆனா டாக்டர் எழுதற சதவீதமும் பிழைப்புல ஏற்பட்ட இழப்பும் ஒண்ணு இல்லன்னு 2011ல உச்ச நீதிமன்றம் விளக்கமா சொல்லிருக்கு. ஒரு காலு 30 சதவீதம் ஊனம்னு மெடிக்கல் போர்டு எழுதுனா, உக்காந்து எழுதற வேலைக்காரருக்கு வருமானம் பெருசா குறையாது, மூட்டை தூக்கறவருக்கு பிழைப்பே போச்சு. இலை கிள்ளற அக்காவுக்கு ரெண்டு விரல் மடங்கலைன்னாலும் அதே கதை. ஆரம்பத்துல சொன்னேனே, 40,000 வாங்கிட்டு கையெழுத்து போட்ட அந்த அண்ணன் விட்டது இதைத்தான். அவருக்கும் 38 வயசு, மாசம் 15,000 வருமானம்னு வச்சு, பிழைப்புல பாதி போச்சுன்னு மட்டும் கோர்ட் எடுத்துக்கிட்டா, கூலி ஏறியிருக்கும்ன்றதை சேர்க்காமலே வருஷத்துக்கு 90,000, 15ஆல பெருக்குனா 13,50,000. ஆஸ்பத்திரி செலவு, வேலைக்கு போகாத நாள் கூலி, பட்ட வேதனைக்கான தொகை எல்லாம் அதுக்கு மேல. வாங்குனது 40,000.

சம்பள ரசீது இல்லையேன்னு பயப்படாதீங்க. இலை போட்ட பேக்டரி பில், மண்டி சீட்டு, சுய உதவிக் குழு நோட்டு, வேலை குடுத்தவரோட சாட்சி எதுவா இருந்தாலும் குடுக்கலாம், ஒண்ணுமே இல்லன்னாலும் கோர்ட்டே நியாயமா ஒரு வருமானம் வச்சுக்கும். வீட்டு வேலை மட்டும் பாக்கிற அம்மாவுக்கும் வருமானம்னு ஒரு தொகை உண்டு, "அவங்க சம்பாதிக்கலையே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

## நம்ம மேலயும் தப்பு இருந்தா

பைக்ல போனவர் வளைவுல ராங் சைடு ஏறிட்டார், லாரியும் வேகம். அப்ப தப்பை பங்கு போடுவாங்க, பைக்காரர் மேல 20 சதவீதம்னா தொகையில 20 சதவீதம் குறையும், மிச்சம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லன்ற ஒரே காரணத்துக்காக விபத்துக்கு நீதான் காரணம்னு சொல்லிட முடியாது.

பஸ்ஸும் லாரியும் மோதி பஸ்ல இருந்தவர் அடிபட்டா அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. ரெண்டு வண்டியில எந்த வண்டிகிட்ட வேணும்னாலும் முழுத் தொகையும் வாங்கலாம்னு 2015 தீர்ப்பு, அவங்களுக்குள்ள பங்கு போட்டுக்கறது அவங்க பாடு.

## டிரைவருக்கும் கிளீனருக்கும் அடிபட்டா

இவங்களை எல்லாரும் மறந்துடறோம். டிரைவரோட தப்பாலேயே வண்டி பள்ளத்துல விழுந்திருந்தாலும், வேலையில இருக்கிறப்ப நடந்ததுன்னா தொழிலாளர் இழப்பீடா அவர் குடும்பம் கேக்கலாம் (முன்னாடி இதுக்கு 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்துச்சு, 2025 நவம்பர்ல இருந்து அதுக்கு பதிலா சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு), அங்க தப்பு யாருதுன்னு பாக்கறதில்ல. வேற வண்டியோட தப்புன்னா மோட்டார் வாகனச் சட்டத்துலயும் கேக்கலாம். ஆனா ரெண்டுல ஒண்ணுதான், எது கூட வரும்னு வக்கீல்கிட்ட கணக்கு போட்டுட்டு அப்புறம் போங்க.

## இடிச்சுட்டு நிக்காம போயிட்டா

வண்டி எதுன்னே தெரியலைன்னா அதுக்கு தனி அரசாங்கத் திட்டம், 2022 ஏப்ரல் 1ல இருந்து இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. மனுவை கோட்டாட்சியர் இல்லன்னா தாசில்தார் விசாரிச்சு கலெக்டருக்கு அனுப்புவாங்க.

வண்டி தெரியும், ஆனா தப்பு யாருதுன்னு நிரூபிக்க சாட்சியே இல்லன்னா இன்னொரு வழி, மோட்டார் வாகனச் சட்டத்தோட 164ஆவது பிரிவு. இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், தப்பைப் பத்தி கேள்வியே இல்ல. ஆனா அதை ஒத்துக்கிட்டு வாங்கிட்டா, மேல போட்ட மாதிரி முழுக் கணக்கு போட்டு 166ஆவது பிரிவுல கேக்கிற மனு முடிஞ்சு போயிடும். துக்கத்துல இருக்கிறப்ப 5 லட்சம் பெருசாத் தெரியும், மேல போட்ட கணக்கை ஒரு தடவ பார்த்துட்டு கையெழுத்து போடுங்க.

## முதல் நாள்ல இருந்து என்ன பண்ணணும்

ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லுங்க. இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். அரசு ஆஸ்பத்திரியில சேர்க்கிறப்ப ஏஆர் காப்பின்னு ஒண்ணு போடுவாங்க, விபத்து பதிவேடு, அதுல எப்படி அடிபட்டுச்சுன்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி "வழுக்கி விழுந்தார்"னு இருந்தா அப்புறம் எந்த வக்கீல் வந்தாலும் கஷ்டம். செலவைப் பத்தி பயந்து யாரும் பொய் சொல்ல வேண்டாம், தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரத்து அவசர சிகிச்சை இலவசம், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும்தான்.

அப்புறம் எஃப்ஐஆர். விபத்து நடந்த எல்லைக்கு உள்ள ஸ்டேஷன்லயே போடறது நல்லது, காப்பி இலவசமா குடுக்கணும். வண்டி நம்பர் தெரிய போட்டோ, வண்டி நின்ன இடம், டயர் தடம், வளைவு எல்லாம் போன்ல எடுத்து வைங்க, மலையில மழை வந்தா ஒரு மணி நேரத்துல எல்லாம் அழிஞ்சிடும். போலீஸ் 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கையை டிரிபியூனலுக்கு அனுப்பணும்னு 2022ல இருந்து விதி இருக்கு. டிரிபியூனல்னா இந்த நஷ்ட ஈடு கேஸை மட்டும் விசாரிக்கிற தீர்ப்பாயம், ஜில்லா ஜட்ஜ் மாதிரி நீதிபதிங்கதான் உக்காருவாங்க.

டிரைவர் மேல போலீஸ் போடற கிரிமினல் கேஸ் வேற, நஷ்ட ஈடு கேஸ் வேற. அங்க சந்தேகமே இல்லாம நிரூபிக்கணும், இங்க இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சா போதும். அதனால அங்க டிரைவர் விடுதலை ஆயிட்டார்னு உங்க கேஸ் விழுந்துடாது.

## எங்க போடறது, எத்தனை நாளுக்குள்ள

விபத்து நடந்த இடத்துலயும் போடலாம், நீங்க குடியிருக்கிற இடத்துலயும் போடலாம், நீங்க யாரு மேல கேஸ் போடறீங்களோ அவர் இருக்கிற இடத்துலயும் போடலாம். மேட்டுப்பாளையத்துல நடந்த விபத்துக்கு கோத்தகிரிக்காரங்க ஊட்டி கோர்ட்லயே போடலாம்னு அர்த்தம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்ல. கோர்ட்ல இந்த கேஸை எம்சிஓபின்னு சொல்லுவாங்க.

கெடு ஆறு மாசம், 2019 திருத்தத்துல வந்து 2022 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு போட்டிருக்காங்க, லேட் ஆச்சுன்ற காரணத்தால மனுவை தள்ளுபடி பண்ண வேண்டாம்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் வந்துச்சு. ஆனா அது இடைக்காலம்தான், ஆறு மாசத்துக்குள்ள போட்டுடுங்க. லேட் ஆயிட்டவங்களும் நமக்கு முடிஞ்சுபோச்சுன்னு வீட்டுல உக்காராம ஒரு வக்கீலைப் பாருங்க. ஏற்கனவே கையெழுத்து போட்டு குடுத்தவங்களுக்கும் இதேதான் சொல்லுவேன்.

வக்கீலுக்கு பணம் இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. பொம்பளைங்க, குழந்தைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காமலே இலவச வக்கீல் உண்டு. பாதியில லோக் அதாலத்ல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடிக்கலாம்னு சொன்னா அது தப்பில்ல, டீக்கடையில பேசறது மாதிரி இல்ல அது, நீதிபதி முன்னாடி எழுதறது, ஆனா அங்க முடிச்சா அப்பீல் கிடையாதுன்னு தெரிஞ்சு முடிங்க. தீர்ப்பு திருப்தி இல்லன்னா 90 நாளுக்குள்ள ஹைகோர்ட்.

பணம் வந்ததும் பசங்க பங்கை கோர்ட் அவங்க 18 வயசு ஆகற வரைக்கும் பேங்க்ல டெபாசிட்டா போட்டு வைக்கும். "எங்க காசை எங்களுக்கே குடுக்க மாட்டேங்கறாங்க"ன்னு நிறைய பேரு எங்க ஆபீஸ்ல வந்து கோவப்பட்டிருக்காங்க. படிப்புக்கோ வைத்தியத்துக்கோ நடுவுல வேணும்னா மனு போட்டு எடுக்கலாம், அந்த மனுவை நானே எத்தனையோ தடவ எழுதிக் குடுத்திருக்கேன், ஸ்கூல் பீஸ் ரசீதை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க.